அத்தையின் கையில் ஒரு பூஞ்சை

கேசியா கல்யாணமாகிச் சித்தூருக்கு வந்த புதிதில், மருமகள் என்ன வேலை செய்கிறாள் என்று சபையில் கேட்பவர்களுக்கு மாமியார் ஜெயசீலியால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. "திருப்பதில ஒரு லேப்ல கீறா" என்பாள். "ரத்தம், சிறுநீர் டெஸ்டா?" என்று கேட்டால், "இல்ல, அது வேற" என்று பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொள்வாள். பூஞ்சை என்ற சொல்லை வாயில் எடுக்கவே அவளுக்குக் கூச்சம். அத்தனை படிப்புப் படித்த பெண், தினம் பஸ் ஏறிப் போய், ஊறுகாய் ஜாடியில் படிகிற பூசணத்தைப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று எப்படிச் சொல்வது?

வாரநாட்களில் வீட்டில் இவர்கள் இருவர்தான். மகன் இஸ்ரேலுக்குச் சத்தியவேடு பக்கம் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை கிளம்பிவிடுவான். மின்வாரிய ஆபீஸில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்ற ஜெயசீலிக்கு அதிகாரம் செய்ய வேறு ஆள் இல்லை. அதனால் மருமகள்மேல் செய்தாள். டிபன் பாக்ஸில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் விசாரணை நடக்கும். பஸ் லேட்டானால், சாப்பிடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "எனக்கு இன்னா, பசியே இல்ல" என்று பொய் சொல்வாள்.

அப்படிச் சேர்ந்து சாப்பிடும்போதுதான் கேசியா தன் வேலையை மெல்ல மெல்ல விளக்கினாள்.

"நான் பாக்கற பூஞ்சை நம்ம எல்லார் வயித்துலயும் கீது அத்த. உருண்டையா இருக்கற வரைக்கும் சாது. உடம்பு பலவீனமா கீற நேரம் பாத்து நூல் விட்டு நீளும். நீண்டுச்சுன்னா சதையை ஓட்டை போட்டுக்கினு உள்ள பூந்துடும். எப்ப உருண்டை, எப்ப நூல், எதைப் பாத்து அது மாறுது? அதான் என் வேலை."

"அது மாறுச்சான்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"ரத்தத்துல மேல தெளிஞ்சு நிக்குமே ஒரு தண்ணி, அதுல கலந்து, நம்ம உடம்புச் சூட்டுல வைப்போம். ரெண்டு மூணு மணி நேரத்துல நூல் கிளம்பிடும். அப்புறம் மைக்ராஸ்கோப்ல ஒண்ணொண்ணா எண்ணுவேன். நூலோட கழுத்துல இடுக்கு இருந்தா அது போலி. இடுக்கு இல்லாம நேரா வந்தாதான் நெசம்."

"சாப்பிடற நேரத்துல இதெல்லாம் எதுக்கு எங்கிட்ட சொல்ற?" என்பாள் ஜெயசீலி. கேட்டது அவள்தான். மறுநாளும் அவளே கேட்பாள். "உன் பசங்க இன்னிக்கி நீண்டாங்களா?"

அந்த ஆண்டு அறுப்புப் பண்டிகைக்கு ராமகுப்பத்திலிருந்து வேன் நிறைய மக்காச்சோளத் தட்டைகள் வந்தன. சபைக் கோயில் தூண்களில் அவற்றை நிறுத்திக் கட்டும் பொறுப்பை ஜெயசீலி யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கட்டும்போது ஒரு சிலாம்பு வலது கை ஆள்காட்டி விரலில் ஆழமாக ஏறிவிட்டது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தாள். சில வாரம் கழித்து அதே இடத்தில் ஒரு கட்டி வந்து உடைந்தது. தெருக்கோடி டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஆறவில்லை. வேறு மாத்திரை கொடுத்தார். அப்போதும் ஆறவில்லை. ஜெயசீலி விரலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

ஒருநாள் சாயங்காலம் ஜெயசீலி கைமாற்றி இடது கையால் இட்லி மாவைக் கரைத்துக்கொண்டிருந்ததைக் கேசியா பார்த்தாள். வலது கை மடியில் கிடந்தது. முந்தானை விலகியிருந்தது. விரலில் புண். அதற்கு மேலே மணிக்கட்டில் ஒரு கட்டி, முன்கையில் ஒன்று, அதற்கும் மேலே இன்னொன்று. நூலில் கோத்த மாதிரி ஒரே கோட்டில் முழங்கையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன.

"இன்னா அத்த இது?"

"கொசு கடிச்சுது."

"கொசு வரிசையில நின்னு கடிச்சுதா?"

ஜெயசீலி இன்னும் வேகமாக மாவைக் கரைத்தாள். கேசியா அவளுடைய கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். இப்படி ஒரு வரிசையை அவள் பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்திருந்தாள். மண்ணிலும் காய்ந்த தட்டையிலும் வாழும் ஒரு பூஞ்சை, முள்ளோ சிலாம்போ குத்திய வழியாக உள்ளே போய், நிணநீர் ஓடுகிற பாதையிலேயே ஏறும். ஆனால் அது இமயமலை அடிவாரத்தில் அதிகம் என்றுதான் படித்திருந்தாள். சித்தூரில் யாருக்கும் வந்து அவள் கேள்விப்பட்டதில்லை.

"இஸ்ரேலுக்குச் சொல்லாத" என்றாள் ஜெயசீலி. "அவன் பயந்துக்குவான்."

"நானே பயந்துக்கினுதான் கீறேன்" என்றாள் கேசியா.

மறுநாளே ஜெயசீலியைத் திருப்பதிக்கு அழைத்துப் போனாள். பெரிய ஆஸ்பத்திரியில் தோல் நோய் பார்க்கும் டாக்டர் கல்பனா, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புண்ணின் ஓரத்தில் ஒரு துணுக்கு வெட்டி எடுத்து ஆராயலாம் என்றார். கேசியாவின் பையில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த உப்புநீர் பாட்டில் தயாராக இருந்தது. வழக்கமாகச் சதையைப் போடுகிற ஃபார்மலினில் இதைப் போட்டால் உள்ளே இருக்கிற பூஞ்சை செத்துவிடும், செத்ததை வளர்க்க முடியாது. அதை டாக்டரிடம் சொல்லிக் கொடுக்கத்தான் அவள் உள்ளேயே நின்றாள்.

நின்றாளே தவிர, கத்தி விரலில் பட்டதும் காது இரைந்தது. எத்தனையோ கொடிய பூஞ்சைகளைக் கைநடுங்காமல் கையாண்டவளுக்கு அத்தையின் விரலிலிருந்து ஒரு பொட்டு ரத்தம் வந்ததைப் பார்க்க முடியவில்லை. சுவர் சாய்வது போலிருந்தது. கண் விழித்தபோது அவள் பெஞ்சில் படுத்திருந்தாள். விரலில் கட்டுப் போட்ட ஜெயசீலி, மறுகையால் கேஸ் ஷீட்டை வைத்து விசிறிக்கொண்டிருந்தாள். "காலைல ரெண்டு இட்லி துன்னுட்டு ஓடி வந்தா இப்பிடித்தான்" என்று நர்ஸிடம் புகார் வேறு.

உப்புநீர் பாட்டில் பைக்குள்ளேயே கிடந்தது. துணுக்கு ஃபார்மலினுக்குப் போயிருந்தது.

அதை மாமியாரிடம் சொல்ல கேசியாவுக்கு வீடு வரை வாய் வரவில்லை. இரவுச் சாப்பாட்டில் கண்ணீரோடு சொன்னாள். "இன்னொரு தரம் வெட்டணும் அத்த. எம்மேலதான் தப்பு."

ஜெயசீலி ரசத்தை ஊற்றிக்கொண்டே யோசித்தாள். "என் கையப் பாத்து நீ மயங்கி விழுந்தியே, எங்க அம்மா இருந்தாகூட அப்பிடி விழுந்திருக்க மாட்டா. சரி, இன்னொரு விரலா கேக்கறாங்க? ஒரு துணுக்குதான? போலாம். ஆனா நீ வெளிய நில்லு. பாட்டில நானே வச்சுக்கறேன்."

அப்படியே நடந்தது. இரண்டாம் முறை ஜெயசீலி, இடது கையில் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாளாம். "இதுலதான் போடணும். வேற எதுலயும் போட்டா நான் எழுந்து போய்டுவேன்" என்று டாக்டரையே மிரட்டியதாக நர்ஸ் வெளியே வந்து சிரித்தாள்.

லேபில் இன்னொரு சிக்கல் எழுந்தது. கேசியாவின் வழிகாட்டி பேராசிரியர் நாகபூஷணம் கண்டிப்பானவர். "மன இன்ட்லோ வாள்ள சாம்பிள் மனம் சூடகூடது" என்று தெலுங்கில் சொன்னார். வீட்டு மனிதர்களின் மாதிரியை நாமே பார்த்தால், எதைப் பார்க்க ஆசைப்படுகிறோமோ அது கண்ணில் தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. ஆகவே வளர்ப்பது கேசியா, மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிவு சொல்வது கூடப் படிக்கும் யஸ்வந்த் என்று ஏற்பாடாயிற்று. மைக்ராஸ்கோப்பில் வைக்கிற கண்ணாடிச் சில்லுகளில் பெயர் இல்லை, வெறும் எண்தான். வேறு சில பூஞ்சைகளின் சில்லுகளையும் கலந்து கொடுத்தார்கள்.

துணுக்கைச் சின்னதாக அரிந்து, அகார் என்னும் கெட்டிக் கூழ் நிரப்பிய தட்டுகளில் பதித்து, அறையின் குளிர்ச்சியில் ஒரு பங்கும் உடம்புச் சூட்டில் ஒரு பங்கும் கேசியா வைத்தாள். குளிர்ந்த தட்டில் ஒரு வாரத்துக்குள் ஈரமான வெள்ளைப் புள்ளிகள் வந்தன. நாள் போகப் போக அவை சுருங்கி மடிந்து, வெந்த தோல் போல ஓரத்தில் கறுத்தன. அதிலிருந்து ஒரு துளி எடுத்து, சின்ன அகார் கட்டியின்மேல் கண்ணாடிச் சில்லை மூடி, சில்லிலேயே வளரவிட்டாள். பிய்த்து எடுத்துப் பார்த்தால் உருவம் கலைந்துவிடும். இப்படி வளர்த்தால் கலையாமல் தெரியும். யஸ்வந்த் நீலச் சாயம் விட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். "அக்கா, ஒரு நம்பர்ல மட்டும் பூ பூத்திருக்கு."

பார்த்தாள். மெல்லிய நூல்கள். ஒவ்வொரு நூலின் நுனியிலும் சிறு முத்துகள் வட்டமாகக் கூடி, செவ்வந்திப் பூ மாதிரி நின்றன. அந்த எண்ணுக்குரிய பெயரைப் பார்த்தபோது அது அத்தையுடையதுதான்.

டாக்டர் கல்பனா போனில் அவசரப்படவில்லை. "நீங்க சந்தேகப்பட்ட ஸ்போரோதிரிக்ஸ் மாதிரிதான் இருக்கு. ஆனா மண்ணுல சும்மா கிடக்கற பூஞ்சை சிலதும் இதே மாதிரி பூக்கும். நான் குடுக்கப் போற மருந்து தைராய்டைத் தொந்தரவு பண்ணும். அவங்களுக்கு வயசும் அறுபது தாண்டியாச்சு. உடம்புச் சூட்டுல இது உருண்டையா மாறுதான்னு காட்டுங்க. உடனே ஆரம்பிச்சிடறேன்."

வீட்டில் இதைச் சொன்னபோது ஜெயசீலி குழம்பிப்போனாள். "உன்து வயித்துல உருண்டையா இருந்து நூலாவுது. என்து வெளிய நூலா இருந்து உள்ள வந்து உருண்டையாவுதா? ஒண்ணாவது ஒழுங்கா இருக்காதா?"

"அதேதான் அத்த. இது தலைகீழ்."

"மாறலன்னா?"

"மாறும்" என்றாள் கேசியா.

மாறவில்லை. சூட்டில் வைத்த முதல் தட்டில் ஒன்றும் வரவில்லை. குளிரில் வளர்ந்ததிலிருந்து எடுத்து, ஆட்டு ரத்தம் கலந்த சத்தான அகாரில் வைத்து, முப்பத்தேழு டிகிரியில் மீண்டும் வைத்தாள். பஞ்சு போல ஒரு குச்சம் எழுந்து அப்படியே காய்ந்துபோயிற்று. அதிலிருந்து எடுத்து அடுத்த தட்டு. அதுவும் காய்ந்தது. இதற்குள் ஜெயசீலியின் முழங்கைக்குக் கீழே புதிதாக ஒரு கட்டி தலைகாட்டியது. அவள் முந்தானையை இழுத்து அதையும் மூடிக்கொண்டாள். கேசியா வீட்டுக்குள் நுழையும்போது முகத்தை மட்டும் ஒருமுறை பார்ப்பாள், பிறகு சாப்பாட்டுத் தட்டை எடுத்துவைப்பாள். உன் பசங்க நீண்டாங்களா என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

ஊருக்குப் போயிருந்த நாகபூஷணம் திரும்பியதும், காய்ந்த தட்டுகளை வரிசையாக மேஜையில் வைத்துவிட்டு அவள் நின்றாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, சச்சிப்போயிந்தா?"

"சாகல சார். திரும்பக் குளிர்ல வெச்சா வளருது. சூட்டுலதான் திணறுது."

"அப்போ சூட்டைக் குறை. இதுல ஒரு ரகம் நம்ம உடம்புச் சூட்டையே தாங்காது. அதனாலதான் கையிலயும் மூஞ்சியிலயும் மட்டும் வரும், அங்கதான் தோல் கொஞ்சம் குளிர்ச்சி. ரெண்டு டிகிரி இறக்கிப் பாரு."

இன்குபேட்டரின் முள்ளை முப்பத்தைந்துக்கு இறக்கினாள். அன்றே டாக்டர் கல்பனாவுக்கும் விஷயத்தைச் சொன்னாள். அவருடைய குரலில் முதல் தடவையாக ஒரு உற்சாகம். "சூட்டுக்குப் பயப்படுதா? நல்ல சேதியாச்சே! மருந்துக்குக் காத்திருக்க வேணாம், வெந்நீர் ஒத்தடம் இப்பவே ஆரம்பிங்க. பொறுக்கற சூடு, தோல் வெந்துடக் கூடாது."

அன்றிலிருந்து சாயங்காலமானால் இருவரும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு வெந்நீர் குண்டான். கேசியா துண்டை முக்கிப் பிழிந்து, முதலில் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அத்தையின் விரலிலிருந்து முழங்கை வரை சுற்றுவாள். ஆறியதும் எடுத்து மறுபடி முக்குவாள். இப்படி ஒருவர் கை ஒருவர் கையில் இவ்வளவு நேரம் இருந்ததே இல்லை. முதல் நாள் இருவருக்கும் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. பிறகு பேச்சு வந்தது. ஜெயசீலி, புருஷன் இறந்துபோன வருஷம் ஆபீஸில் யாருக்கும் தெரியாமல் ஸ்டோர் ரூமில் போய் அழுதுவிட்டு வந்ததைச் சொன்னாள். கேசியா, வரதய்யபாளையத்தில் தன் நைனா இவள் முதன்முதலில் லேப் கோட் போட்ட போட்டோவைக் கடைச் சுவரில் மாட்டிவைத்திருப்பதைச் சொன்னாள். இஸ்ரேலுக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அவன் பயந்துதான் போனான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒத்தடத்தைத் தான் செய்கிறேன் என்று உட்கார்ந்தபோது, "நீ கொதிக்கக் கொதிக்க வெப்ப. அவளே வெக்கட்டும்" என்று அம்மா துரத்திவிட்டாள்.

முப்பத்தைந்து டிகிரியில் முதல் தட்டு பாதி பஞ்சாகவும் பாதி வழவழப்பாகவும் வந்தது. வழவழப்பான ஓரத்திலிருந்து மட்டும் எடுத்து அடுத்த தட்டில் தீற்றினாள். அதிலிருந்து அதற்கடுத்த தட்டு. பஞ்சு குறைந்துகொண்டே வந்தது. ஒரு காலையில் இன்குபேட்டரைத் திறந்தபோது பஞ்சே இல்லை. கட்டி வெண்ணெயைத் தொட்டு வைத்தாற்போல் வெளிறிய மொட்டுகள் பளபளத்தன. கலந்து கொடுத்த சில்லுகளை யஸ்வந்த் பார்த்து முடிக்கும்வரை கேசியா ஜன்னலோரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நூலே இல்ல. எல்லாம் நீட்டு உருண்டையா, சுருட்டு மாதிரி இருக்கு. பக்கத்துல குட்டி போட்டுக்கிட்டு."

வெளியே ஓடிவந்து வீட்டுக்குப் போன் செய்தாள். "அத்த, மாறிடுச்சு! சுருட்டு மாதிரி வந்துடுச்சு!"

"சுருட்டா?" ஜெயசீலியின் குரல் அதிர்ந்தது. "ஊர்ல யாருக்கும் சொல்லித் தொலையாத. எங்கப்பா வெத்தலகூடப் போடாத மனுசன்."

பிறகு மூக்கை உறிஞ்சுகிற ஓசை கேட்டது. "ஸ்தோத்திரம்" என்றாள். "சாப்டியா?"

மருந்து சொட்டு மருந்தாக இருந்தது. அயோடின் உப்பைத் தண்ணீரில் இனிக் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்தது. பாலில் சில சொட்டில் ஆரம்பித்து நாளுக்கு நாள் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நாக்கில் துருப்பிடித்த ஆணியை வைத்த மாதிரி ருசி. மூக்கு ஒழுகியது, கண் நீர் வடிந்தது, வாயில் உமிழ்நீர் ஊறிக்கொண்டே இருந்தது. "பூஞ்சையே தேவலாம்" என்றாள் ஜெயசீலி. ஆனால் கட்டிகள் ஒவ்வொன்றாக அமுங்கத் தொடங்கின.

ஒரு மாதத்துக்குப் பிறகு கேசியா ஒன்றைக் கவனித்தாள். அத்தையின் மூக்கு காய்ந்திருந்தது.

"மூக்கு ஒழுகலையே அத்த?"

"பழகிடுச்சு போல."

"கருவேப்பிலைச் செடிக்குப் பால் ஊத்தினா எறும்பு வரும்னு தெரியாதா உங்களுக்கு? தொட்டி பூரா எறும்பு."

மாட்டிக்கொண்ட ஜெயசீலி கோபப்பட்டாள். "நீ ஒரு நாள் குடிச்சுப் பாரு, அப்ப தெரியும்!"

கேசியா உள்ளே போய், ஒரு டம்ளர் பாலில் ஒரே ஒரு சொட்டு விட்டுக் கலக்கி, அத்தையின் முன்னால் நின்று குடித்தாள். முகம் கோணியது. கண்ணில் நீர் வந்தது. ஜெயசீலி பதறி எழுந்து டம்ளரைப் பிடுங்கினாள். "பைத்தியமே, உனக்கு எதுக்கு மருந்து? வயித்துல கியித்துல பண்ணிச்சுன்னா?" சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு கரண்டியை மருமகளின் வாயில் போட்டாள். அப்புறம் தன் டம்ளரை எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

கோடை முடிவதற்குள் கை ஆறிவிட்டது. கட்டிகள் இருந்த இடங்களில் இளஞ்சிவப்பாகத் தழும்புகள் மட்டும் மிஞ்சின. மருந்தை நிறுத்தலாம் என்று டாக்டர் கல்பனா சொன்ன அன்று, ஜெயசீலி லேபைப் பார்க்க வேண்டும் என்றாள். நாகபூஷணம் எழுந்து நின்று வரவேற்று, மைக்ராஸ்கோப்பின் முன்னால் தன் நாற்காலியையே போட்டார். முதலில் பூ. பிறகு சுருட்டு. ஜெயசீலி நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதானா?"

"ஒண்ணேதான் அத்த."

"பூ அழகா கீது. இவ்ளோ அழகா இருந்துக்கினு எதுக்கு இந்த வேண்டாத வேலை செய்யுது?"

பேராசிரியர் சிரித்துவிட்டார். இந்தப் பூஞ்சையைச் சேமித்து வைத்து, மாணவர்கள் உருமாற்றத்தைக் கற்கப் பயன்படுத்தலாமா என்று அவர் அனுமதி கேட்டார். பெயர் எங்கும் வராது, எண்தான் இருக்கும் என்றார். "வெச்சுக்கோங்க சார்" என்றாள் ஜெயசீலி. "பேரு போட்டாலும் பரவால்ல. என் மருமக கண்டுபிடிச்சதுன்னு சேத்துப் போட்டா போதும்."

திரும்பும் பஸ்ஸில் ஜெயசீலி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். சந்திரகிரி தாண்டியதும் சட்டென்று திரும்பினாள்.

"அந்த யஸ்வந்த் பையன் ஏன் அப்பிடி எலும்பும் தோலுமா கீறான்?"

"ஹாஸ்டல் சாப்பாடு அத்த. எல்லாருமே அப்பிடித்தான்."

"வர சனிக்கிழமை பிரியாணி செஞ்சு எடுத்துக்கினு வரட்டா?"

"லேபுக்குள்ள சாப்பாடு எடுத்துக்கினு போகவே கூடாது."

"உள்ள எவ துன்னச் சொன்னா? வெளிய மரத்தடியில உக்காந்து துன்னட்டும். கை மட்டும் நல்லா கழுவிக்கினு வரச் சொல்லு, சோப்பு போட்டு." போனை எடுக்கும்படி மருமகளை முழங்கையால் இடித்தாள். "எத்தினி பேருன்னு கேளு. அந்த சார் கறி துன்னுவாரான்னும் கேளு."

கேசியா போனை எடுத்து யஸ்வந்த்தைக் கூப்பிட்டாள்.